மனம் மட்டும் போதுமா?

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பார்கள். தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் தொடங்கி பல்கலைக்கழகத் தன்முனைப்பு முகாம் வரை நாம் அதிகம் கேட்ட பழமொழி இதுவாகத்தான் இருக்கும். இது பொய்யன்று. ஆனால், பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து. முரளிகாந்த் பேட்கரின் வாழ்க்கையே இதற்குச் சான்று.

யார் இந்தப் பேட்கர்? மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்தில் 1944-இல் பிறந்தவர். இந்திய இராணுவத்தில் சேர்ந்து குத்துச்சண்டை வீரராக உயர்ந்தவர். 1964-இல் தோக்கியோவில் நடந்த அனைத்துலக இராணுவ விளையாட்டுப் போட்டியில் களமிறங்கினார். மறு ஆண்டே இந்திய–பாகிஸ்தான் போர் மூண்டது. ஒன்பது குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. ஒன்று முதுகுத்தண்டில் தங்கிவிட, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. குத்துச்சண்டைக்கு அன்றோடு முற்றுப்புள்ளி. அப்போது அவருக்கு வயது 20. நம்மில் பலரைவிட இளையவர்!

சிகிச்சையின் ஓர் அங்கமாக அவரை நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். செயலிழந்த கால்களைத் தண்ணீர் தாங்கியது. குத்துச்சண்டையில் உரமேறிய கைகள் துடுப்பாயின. 1968-இல் தெல் அவிவ் பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடிகளில் கடந்து உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுவே. ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தனிநபர் தங்கம் வெல்வதற்கு அப்போது இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன.

இதை மனவலிமையின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அந்தக் குளம் இல்லாதிருந்தால்? வெளிநாட்டுப் பயணச் செலவுக்கு முன்னாள் கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்டின் தொண்டு நிறுவனம் கைகொடுக்காதிருந்தால்? மனம் பேட்கருடையது, மார்க்கத்தைத் திறந்துவிட்டவர்கள் மற்றவர்கள்.

அங்கீகாரமோ ஆமை வேகத்தில் வந்தது. 1982-இல் அர்ஜுனா விருது கேட்டபோது மறுக்கப்பட்டது. பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல். தங்கம் வென்று 46 ஆண்டுகளுக்குப் பிறகு! அர்ஜுனா வாழ்நாள் விருதைப் பெற்றபோது 2025 பிறந்துவிட்டது. நம் நாட்டில், 2016 ரியோ பாராலிம்பிக்கில் ரிட்சுவான் புசி மலேசியாவின் முதல் தங்கத்தை வென்றபோது, ஒலிம்பிக் தங்கத்துக்கு அறிவிக்கப்பட்ட அதே பத்து லட்சம் ரிங்கிட் அவருக்கும் வழங்கப்பட்டது. இது பாராட்டத்தக்கது.

நம் சிவசங்கரியையும் எண்ணிப் பாருங்கள். சுங்கைப் பட்டாணியில் பிறந்த இந்த ஸ்குவாஷ் வீராங்கனை 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். மறு ஆண்டே ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர், குழு என இரு தங்கம்! உயர்நிலை வீரர்களுக்கு மருத்துவரும் பயிற்றுநரும் உண்டு. தோட்டப்புறத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைக்கு யார் உண்டு?

இடைநிலைப்பள்ளியில் என்னோடு படித்த ஓட்டக்காரன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். முட்டியில் காயம் பட்டதும் குழுவிலிருந்து அவன் பெயர் நீக்கப்பட்டது. “குண்டு எறிகிறாயா, நீந்துகிறாயா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு மனம் இல்லாமலா போயிற்று?

திடலில் மட்டுமா இந்த நிலை? எஸ்.டி.பி.எம்.மில் புள்ளி குறைந்தவரை, விரும்பிய துறை கிடைக்காதவரை, பாதியில் துறை மாறியவரை “அவ்வளவுதான்” என்று நம் சமுதாயம் எளிதில் முத்திரை குத்திவிடுகிறது. தைப்பிங்கானாலும் ஜொகூரானாலும் இதே கதைதான். பிறகு அவர்களுக்கே தன்முனைப்பு உரையும் நடத்துகிறோம்!

மாணவர்களே, முன்னாள் மாணவர்களே! விழுந்தவனுக்கு அறிவுரை சொல்வது எளிது. அடுத்த வாசலைக் காட்டுவதுதான் கடினம். ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்ப உதவலாம். தெரிந்த விரிவுரையாளரிடம் அழைத்துச் செல்லலாம். கழகக் கணக்கில் சிறு பயண நிதி ஒதுக்கலாம். ஹைடல்பெர்க் தங்கத்துக்குப் பின்னால் யாரோ வாங்கித் தந்த ஒரு பயணச்சீட்டும் இருந்தது. அதை வாங்கித் தருபவர்களாக நாம் இருப்போமே!