இரவற் சேலை

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது முதுமொழி. செயற்கை நுண்ணறிவு என்னும் காற்று இன்று பலமாகவே வீசுகின்றது. புதுத்தொழில் தொடங்க முனையும் தம்பிமாரும் தங்கைமாரும் பலர் களத்திலே இறங்கி நிற்கின்றனர். நல்லதே. ஆனால் தூற்றுவதற்குத் தம்மிடம் நெல் உண்டா என்பதை முதலிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவில் ஜஸ்பர் என்றொரு கம்பனி உண்டு. விளம்பர வாசகங்களைக் கணனியைக் கொண்டு எழுதித் தருவது அதன் வியாபாரம். எழுதும் மூளையோ அந்நாளில் பெரும்பாலும் ஓப்பன்ஏஐ என்னும் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருந்தது, வாடகைக்குப் பெற்றது. 2022 ஒக்டோபரில் முதலீட்டாளர்கள் அதில் 125 மில்லியன் டொலரை இட்டனர். கம்பனியின் பெறுமதி 1,500 மில்லியன் டொலர் என மதிப்பிட்டனர். அடுத்த மாதம் 30ஆந் திகதி, மூளைக்குச் சொந்தக்காரரே சாட்ஜிபிடி என்னும் சேவையை இலவசமாக எல்லோருக்கும் திறந்துவிட்டனர். 2023 யூலையில் ஜஸ்பர் தன் ஊழியர் சிலரை வேலையினின்று நிறுத்த நேர்ந்தது. அது மூடப்படவில்லை, பெருங் கம்பனிகளின் விளம்பரப் பகுதிகளுக்கு ஏற்ற கருவியாகத் தன்னை மாற்றியமைத்துக்கொண்டது.

இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையை நம் பாட்டிமார் சொல்வர். இரவல் வாங்குவது குற்றமன்று. அதையே தன் உடைமையென எண்ணுவதுதான் ஆபத்து. ஆகவே தொழில் தொடங்குவோர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நன்று.

மூளையை வாடகைக்குத் தந்தவரே நாளை எதிர்க்கடை வைத்தால், வாடிக்கையாளர் நம்மிடம் வருவதற்கு என்ன காரணம்? கணக்காளரோ, வழக்கறிஞரோ, வைத்தியரோ, ஒருவரது தொழிலின் நெளிவு சுளிவுகளை அருகிருந்து கற்றவருக்கே இதற்கு விடை கிடைக்கும்.

ஒவ்வொரு விடைக்கும் நாம் கொடுக்கும் கூலி எவ்வளவு? பழைய மென்பொருளை ஒருமுறை செய்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு சொற்பம். இங்கோ, கேள்வி கேட்கப்படுந்தோறும் கணனிக்குப் படியளக்க வேண்டும். விலையைச் சரிவர வைக்காவிடின், வாடிக்கையாளர் பெருகப் பெருக நட்டமும் பெருகும்.

கையிலிருக்கும் பணம் வருமானமா, முதலா? முதலீட்டாளர் தந்தது விதைநெல். அதைப் பொங்கி உண்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருத்தல் ஆகாது.

இம்மூன்றுக்கும் நேரிய விடை உடையவர் துணிந்து இறங்கலாம். இல்லாதவர் சிறிது காலம் பொறுப்பதால் குடி மூழ்கிவிடாது. பிறர் பணத்தையும் தம் இளமையையும் இழந்தபின் வருந்துவதினும் அது மேல்.