தவிசும் நாவும்

சென்ற தவணையில் எங்கள் மாணவர் மன்றத்தில் விவாதமொன்று நடந்தது. மாகாண சபை நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது பொருள். தலைமை வகித்தவள் உயர்தர வகுப்பு மாணவி; நாவன்மையில் அவளுக்கு நிகரானவர் அம்மன்றத்தில் இலர். வேண்டும் என்ற பக்கத்தார் சொல்லத் தெரியாது தடுமாறுவதைக் கண்டு பொறாதவளாய் என் பக்கம் குனிந்து, “ஐயா, நான் கதிரையை விட்டு இறங்கி அவையளுக்காகக் கதைக்கலாமோ?” என்று மெல்லக் கேட்டாள். “இறங்கினால் கதைக்கலாம் பிள்ளை. பிறகு ஏறேலாது” என்றேன். சற்றே சிந்தித்தாள், இறங்கவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, “நல்லாக் கதைக்கிற ஆளைத் தலைவராக்கிறது, அந்த ஆளின்ரை வாயைக் கட்டத்தானோ ஐயா?” என்று கேட்டாள்.

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று ஆண்டுதோறும் நன்னூல் கற்பித்து வருபவன் யான். அவ்வெட்டில் ஒன்றாலும் அவளுக்கு அன்று விடை கூற இயலவில்லை. ஏனெனில், அவள் கேட்டது எங்கள் மன்றத்தைப் பற்றி மட்டும் அன்று. இந்நாட்டிலே தமிழருக்குத் தவிசு கிடைத்த காலத்தையும், அது கிடையாத காலத்தையும், தவிசிருந்தும் அவையில்லாத காலத்தையும் அவ்வொரு வினா தொட்டு நின்றது.

சபாநாயகர் என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. தில்லைச் சிற்றம்பலத்தே ஆடும் பெருமானுக்கு அது திருப்பெயர். அப்பெயரையே பாராளுமன்றத் தலைவருக்கும் சூட்டிக்கொண்டோம். ஆங்கிலேயரோ அவரைப் பேசுபவர் என்றே அழைத்தனர். அவையின் கருத்தை அரசனிடஞ் சென்று எடுத்துரைப்பவர் என்பது அதன் பழம்பொருள். வெளியே பேசும் உரிமையைப் பெற்ற அவர், உள்ளே பேசும் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1642 இல் முதலாம் சார்ல்ஸ் மன்னன் உறுப்பினர் ஐவரைப் பிடிக்கவென்று அவையுட் புகுந்தபோது, அங்குத் தலைமை வகித்த வில்லியம் லெந்தால், அவையின் பணிப்பின்றித் தமக்குக் காணக் கண்ணுமில்லை, பேச நாவுமில்லை என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார். அன்று அவருடைய மௌனமே ஐவருக்கும் அரணாயிற்று.

இந்த மௌனத்தின் விலையை முதன்முதல் எனக்கு உணர்த்தியவர் என் பாட்டனார். அவர் தீவுப்பகுதியைச் சேர்ந்தவர்; ஊர்காவற்றுறைத் தொகுதியில் வாக்குரிமை பெற்றிருந்தவர். வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 இல் அத்தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று, அவ்வாண்டு மார்ச் 17 ஆந் திகதி அச்சபையின் சபாநாயகராகத் தெரிவானார். பின்னர் சேர் பட்டமும் பெற்று, 1947 வரை அத்தவிசிலேயே இருந்தார். பாட்டனார் சொல்வார்: “எங்கடை ஆள் நாட்டிலை பெரிய கதிரையிலை இருந்தார். அது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் தீவிலை நல்ல தண்ணியில்லையெண்டு எழும்பிச் சொல்ல எங்களுக்கு வாய் இல்லாமற் போச்சு. அது அவரின்ரை குற்றமில்லை. அந்தக் கதிரையின்ரை சட்டம்.”

அக்காலத்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் ஆழம் விளங்கும். 1931 இல் சருவசன வாக்குரிமையோடு அரசாங்க சபை பிறந்தபோது, முழுச் சுயராச்சியம் இல்லையென்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களும் வெறுமையாயின; 1934 இலேயே அவை நிரம்பின. அம்முதற் சபையின் மந்திரிகளுள் பெரி. சுந்தரம் என்னும் தமிழரும் மாக்கான் மாக்கார் என்னும் முஸ்லிமும் இருந்தனர். 1936 இற் கூடிய இரண்டாஞ் சபையிலோ நிருவாகக் குழுக்கள் ஏழுக்கும் சிங்களவரே தலைவராகத் தெரிவாக, மந்திரிகள் எழுவரும் சிங்களவராயினர். 1942 இல் அ. மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும்வரை அந்நிலை நீடித்தது. மந்திரி சபையிலே தமிழர் ஒருவரும் இல்லாத அதே வேளையில் சபையின் தலைமைத் தவிசிலே தமிழர் ஒருவர் வீற்றிருந்தார் என்பது கருதத்தக்கது. மரியாதை ஒரு கையாற் கிடைத்தது. அதிகாரம் மறு கையால் விலக்கப்பட்டது. துரைசுவாமி அவர்களின் தகுதியை யான் ஐயுறவில்லை. தகுதியுடையார்க்கு அளிக்கப்பெறும் மரியாதையும் சில வேளைகளில் ஒரு சமூகத்தின் பங்குக்கு ஈடாகக் காட்டப்படலாம் என்பதையே கூறுகின்றேன்.

அவர் தவிசிலிருந்த காலத்திலேதான் நம் தலைவிதியைத் தொட்ட விவாதங்கள் நிகழ்ந்தன. 1944 மே மாதத்தில் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தமிழையுஞ் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் பிரேரித்தவர் வ. நல்லையா, திருத்தம் ஏற்கப்பட்டது. 1945 நவம்பரில் சோல்பரி அரசியற் றிட்டத்தை 51 பேர் ஆதரிக்க, மூவர் எதிர்க்க, சபை ஏற்றுக்கொண்டது. மொழியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் ஏனையோர் வாதாட, வாக்குகளை எண்ணி முடிவை அறிவிக்கும் பணியே ஊர்காவற்றுறையின் உறுப்பினர்க்கு உரியதாயிற்று.

அயர்லாந்து நம் நாட்டைப் போன்றதொரு தீவு. இலண்டனின் ஆட்சியை நெடுங்காலம் அறிந்தது. என் மாணவியின் வினாவுக்கு அந்நாட்டு வரலாற்றிலே ஒரு விடை உண்டு. டப்ளின் நகரில் இருந்த பழைய பொதுமக்கள் சபையின் இறுதிச் சபாநாயகர் ஜோன் பொஸ்டர். அச்சபையை ஒழித்து, அயர்லாந்தைப் பிரித்தானியாவோடு இணைக்க முயன்றனர். பொஸ்டர் அதற்குப் பகைவர். ஆயினும் தவிசிலிருந்து பேசலாகாது. சபை முழுவதும் குழுவாகக் கூடும்போது சபாநாயகர் தவிசை விட்டிறங்குவது மரபு. இறங்கியவர் ஓர் உறுப்பினரே. 1799 ஏப்ரல் 11 ஆந் திகதி அங்ஙனம் இறங்கி நின்று, இணைப்பை எதிர்த்து நீண்டதோர் உரையாற்றினார். மறு ஆண்டில் தவிசேறி, தம் சபையையே கொல்லும் மசோதாவை வாக்குக்கு விட்டு, அது நிறைவேறியதென்று தம் வாயாலேயே அறிவிக்கும் கடனும் அவர்க்கு வந்தது. அதனையும் செய்தார். ஆனால், செங்கோலை மட்டும் ஒப்படைக்க மறுத்தார். தம்மிடம் தந்த சபை கேட்டாலன்றித் தாரேன் என்பது அவர் நிலை. அச்செங்கோல் அவர் குடும்பத்தாரிடமே தலைமுறைகளாக இருந்தது. 1937 இல் அயர்லாந்து வங்கி அதனை விலைக்கு வாங்கிற்று. பழைய பாராளுமன்றக் கட்டடத்தையும் முன்னமே வாங்கியிருந்தது அவ்வங்கியே.

இங்கே மற்றொன்றையும் மறைத்தலாகாது. பொஸ்டர் காத்த அவையில் கத்தோலிக்கர் அமர இயலாது. நாட்டின் பெரும்பாலோர் அவர்களே. அவர்களுக்கு அவ்வுரிமை அளிப்பதைப் பொஸ்டரும் எதிர்த்தார். தவிசின் மாண்பு எத்துணை உயர்ந்ததாயினும், அவையிலே யார்க்கு இடமுண்டு என்ற வினா அதனினும் முந்தியது.

1922 இல் அயர்லாந்து சுதந்திர அரசு பிறந்தபோது காட்சி தலைகீழாயிற்று. இப்போது கத்தோலிக்கர் ஆட்சியினர், புரட்டஸ்தாந்தர் சிறுபான்மையினர். அச்சிறுபான்மையினருள் ஒருவரும், முன்னர்ப் பிரிவினையை எதிர்த்த ஒன்றியவாதியுமாகிய கிளெனவி பிரபு புதிய செனற் சபையின் தலைவராகி 1928 வரை இருந்தார். 1925 இல் மணவிலக்கு மசோதாக்கள் எழாதவாறு நிலையியற் கட்டளையாலேயே தடுக்குமாறு கீழ்ச்சபை கேட்க, அது ஒழுங்குக்கு மாறானதென்று கிளெனவி தீர்ப்பளித்தார். அவர் சிறுபான்மையினருக்காக வாதாடவில்லை. விதியை எடுத்து வைத்தார். அதனால் முடிவு மாறியதா? இல்லை. 1937 அரசியலமைப்பு மணவிலக்கை அடியோடு தடுத்தது. 1995 இன் மக்கள் தீர்ப்பே அத்தடையை நீக்கிற்று. தவிசு செய்யக்கூடியதும் செய்ய இயலாததும் இவ்வொன்றாற் புலனாகும். அது விதியைக் காக்கும். விதியை மாற்றுவார் கையில் பெரும்பான்மை இருக்குமாயின் அதனைத் தடுக்காது.

நம் நாட்டிற்கு மீள்வோம். 1947 முதல் 2024 வரை பிரதிநிதிகள் சபையிலும் அதன் வழிவந்த அவைகளிலும் தமிழர் ஒருவரும் சபாநாயகராகவில்லை. முஸ்லிம்கள் மூவர் ஆயினர்: எச். எஸ். இஸ்மாயில், பாக்கீர் மாக்கார், எம். எச். முகம்மது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியபோது தவிசில் இருந்தவர் புத்தளத்து உறுப்பினராகிய இஸ்மாயில். சிறுபான்மையினர் ஒருவர் தலைமை வகிப்பதால் சிறுபான்மையினருக்கு எதிரான சட்டம் நில்லாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் அத்தவிசு வெறும் அலங்காரமோ எனின், அன்று. நம் அரசியலமைப்பின்படி சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமாயின் அறுதியிடும் வாக்கு அவருடையது. ஒரு மசோதா அவர் சான்றுரை எழுதிய பின்னரே சட்டமாகும். அதன்மேல் அதன் செல்லுபடியை எந்நீதிமன்றமும் வினவலாகாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு 2024 பெப்ரவரியில் மகிந்த யாப்பா அபேவர்த்தன சான்றுரை எழுதியபோது, உயர் நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் முற்றாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் முறையிட்டது இதனாலேயே. அவர்மீது வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச் மாதத்தில் 75 க்கு எதிராக 117 வாக்குகளால் தோற்றது. எழுதிய சான்றுரை நின்றது.

2018 நவம்பரிலோ தவிசின் வலிமையை நாடே கண்டது. பிரதமர் பதவி குறித்து மூண்ட நெருக்கடியில், நவம்பர் 16 ஆந் திகதி உறுப்பினர் சிலர் சபாநாயகரின் தவிசைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டனர், மிளகாய்த்தூள் எறியப்பட்டது. தவிசை அடைய இயலாத கரு ஜயசூரிய பொலிஸார் சூழ நின்று, ஒலிவாங்கியைக் கையிற்கொண்டு குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு மாறானதென்று டிசம்பர் 13 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவிசு என்பது மரத்தாலான ஆசனம் அன்று, நடுவுநிலைமையே என்பதை அந்நாள் காட்டிற்று. 2024 டிசம்பரில் தம் கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த வினாவுக்கு உடனே சான்று காட்ட இயலாத நிலையில் அசோக ரன்வல ஒரு மாதத்துள் பதவி துறந்தமையும் ஒரு பாடமே. சான்றுரை எழுதும் கைக்கு உரிய சான்று எங்கே என்று மக்கள் கேட்டனர்.

நடுவுநிலைமை தனிமனிதர் குணத்தை மட்டுமே நம்பியிருத்தல் நன்றன்று. அயர்லாந்தின் கீழ்ச்சபையில், பதவியிலுள்ள தலைவர் மீண்டும் நிற்க விரும்பினால் பொதுத்தேர்தலில் போட்டியின்றியே உறுப்பினராகும் முறை 1927 முதல் நிலவுகின்றது. தம் கட்சியின் தயவை அவர் நாட வேண்டுவதில்லை. நம் நாட்டிலோ மாவட்டப் பட்டியலில் இடந் தருவது கட்சி. அடுத்த தேர்தலில் அவ்விடம் வேண்டுவார், இன்று கட்சியின் முகங் கோணாதவாறு நடக்கத் தூண்டப்படுதல் இயல்பு. சபாநாயகர் தமிழரா சிங்களவரா என்பதற்கு முன், அவர் எவருக்கும் அஞ்சாதிருக்க வழி உண்டா என்றே நாம் கேட்க வேண்டும்.

இனி, நம் வாயிலுக்கு வருவோம். கைதடியில் வட மாகாண சபைக்குக் கட்டடம் உண்டு. அதில் அவைத்தலைவருக்கு ஆசனமும் உண்டு. 2013 இல் தெரிவான முதற் சபைக்கு சி. வி. கே. சிவஞானம் தலைமை வகித்தார். 2018 அக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. 2017 இல் தேர்தற் சட்டத்தைத் திருத்தினர். அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் வாராது, ஆண்டுகள் பல அவ்வாசனம் ஆளின்றிக் கிடந்தது. 1931 இல் நான்கு ஆசனங்களை வெறுமையாக்கியவர் நாமே. அது சரியோ பிழையோ, நம் தீர்மானம். கைதடியின் வெறுமை நாம் தீர்மானித்ததன்று.

ஆதலின் என் மாணவிக்குப் பின்னொரு நாள் இவ்வாறு கூறினேன்: “கதிரை வாயைக் கட்டுறது உண்மைதான் பிள்ளை. மற்ற எல்லாருடைய வாயும் திறந்திருக்க வேணுமெண்டுதான் அந்த ஒரு வாயைக் கட்டுறது. ஆனால் எங்கடை பக்கத்திலை கதைக்க வேறை ஆளில்லையெண்டால், கதிரையைக் கேக்கிறதுக்கு முன்னம் யோசிக்க வேணும்.” அவள் தலையசைத்தாள், உடன்பட்டாளோ என்பதை அறியேன்.

இத்தவணை மன்றத் தேர்தலில் அவள் தலைமைக்கு நிற்கவில்லை. பேச்சாளர் வரிசையிலே தன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கின்றாள். அத்தவிசில் எவரை அமர்த்துவது என்று மன்றம் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கின்றது.