கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிராம சபையில் ஓர் இடம்

காலையில் ஆலங்குளம் முக்குரோட்டில் நின்றால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். "எந்நேரமும் போன்தான், ஊர்ல என்ன நடக்குதுன்னே தெரியாது" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். "எதைச் சொன்னாலும் எங்க காலத்துலன்னு ஆரம்பிச்சிருவாங்க" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

1970-ல் ஆலங்குளம் சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், இந்த வட்டாரத்து இளைஞருக்கு நல்வாழ்வு என்றால் நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும்தான். 1984-ல் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் கல்லூரி வந்தது. அடுத்து வந்தவர்களின் கண் சென்னை, பெங்களூரு என்று விரிந்தது. 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தன் கணக்கில் வரும் மாணவி, மேற்படிப்பையும் திருமணத்தையும் பற்றி வீட்டில் தானே பேசுகிறாள். வாழ்க்கை கொடுத்த வாய்ப்பைப் பொறுத்துப் பார்வையும் மாறுகிறது.

தலைமுறைக்குத் தலைமுறை பார்வை மாறுவது இன்றைக்குப் புதிதும் அல்ல. 1965 மொழிப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், 1967-ல் நம் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் வென்றார். ஊர் ஊராகப் பள்ளி திறந்த தலைவரைத் தோற்கடிக்கலாமா என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். மொழியுரிமைக்கு வேறு வழியில்லை என்றவர்களும் இருந்தார்கள். இரு சாராருக்கும் அக்கறை ஊரின் மேல்தான்.

அதற்காக, புதியவர்கள் நினைப்பதெல்லாம் சரி என்று விட்டுவிடவும் முடியாது. மாணவர் கைகளில் சாதிக் கயிறு வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைக்கும் நிலை வந்திருக்கிறது. அந்தக் கயிற்றின் நிறத்தைப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள் என்பதைப் பெரியவர்களாகிய நாமும் யோசிக்க வேண்டும்.

இரு தலைமுறையும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது: கிராம சபை. 1965-ல் கல்லூரியில் படித்தவர்களுக்கு 21 வயதில்தான் வாக்குரிமை. இன்று 18 வயதிலேயே வாக்காளராகி, சபையில் எழுந்து பேசலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய சபை நாள்கள் விடுமுறை நாள்கள். பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள்.

ஊராட்சி நிர்வாகம் சபைப் பொருள்களை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வரவு செலவுக் கணக்கைப் படித்துச் சொல்லும் பொறுப்பை வணிகவியல் படிக்கும் ஒரு மாணவிக்குக் கொடுக்கலாம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது என்று மூத்த விவசாயி சொல்ல, செல்பேசி வரைபடத்தில் ஒரு மாணவர் குறிக்கலாம். அந்தக் குறிப்பையே தீர்மானத்தோடு இணைத்து அனுப்பலாம். பெரியவர்கள் முதல் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல் கடைசித் தீர்மானம் வரை உட்கார வேண்டும். வரும் சபையிலேயே இதைத் தொடங்கலாம்.