உள்ளத்து வடுவும் சாட்சியே!

அந்நிய நாட்டில் அடைக்கலங் கோரி நிற்கும் தமிழரிடம் குடிவரவு அதிகாரி கேட்கும் கேள்விகள் எளியவை போலத் தோன்றும். ஊரை விட்டது எப்போது? பின்னர் எங்கெங்கே இருந்தீர்? எந்தத் திகதியிற் பிடிபட்டீர்? விடை சற்றுப் பிசகினாற் போதும். முன்னுக்குப் பின் முரண் என்று எழுதி மனுவைத் தள்ளிவிடலாம். அம்முரண் பொய்யினால் விளைந்ததா, புண்பட்ட மனத்தினால் விளைந்ததா என்பதை ஆராய்வதே உளமருத்துவப் பரிசோதனை. தேவைப்படும் எவருக்கும், விசாரணைக்கு முன்னரே, அவர்தம் மொழியை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவரால் அப்பரிசோதனை நடைபெறல் வேண்டும் என்பது நமது துணிபு.

மயிலிட்டியை எண்ணிப் பாருங்கள். 1990 யூன் மாதத்தில் அக்கடற்கரைக் கிராமத்து மக்கள் வீட்டையும் வள்ளத்தையும் வலையையும் விட்டு வெளியேறினர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. துறைமுகமும் அதனையடுத்த 54 ஏக்கர் நிலமும் 2017 யூலை 3ஆந் திகதி விடுவிக்கப்பட்டபோது 27 ஆண்டுகள் கழிந்துவிட்டன. சிலருக்கு முகாமே ஊராயிற்று. சிலருக்கு 1995இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது இரண்டாம் அலைச்சல். வன்னிக்குச் சென்றோர் சிலருக்கு 2009 வரை ஓட்டம். இத்தகைய வாழ்க்கையை நாளும் திகதியும் பிசகாமல் ஒப்புவி என்று கேட்பது நீதியா? ஒரு வீட்டில் நிலைத்து வாழ்ந்தவனுக்கே பத்தாண்டுக்கு முந்திய திகதி நினைவில் நில்லாதே!

இது வெறும் இரக்கப் பேச்சன்று. அறிவியல் கண்ட உண்மை. கொசோவோ, பொஸ்னியா நாடுகளிலிருந்து வந்து இங்கிலாந்தில் ஏற்கெனவே அடைக்கலம் பெற்றிருந்தோரிடம் ஒரே நிகழ்ச்சியை இருமுறை கேட்டறிந்த ஆராய்ச்சியொன்று 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. பொய்யுரைக்க வேண்டிய தேவை அவர்களுக்கில்லை. ஆயினும் விவரங்கள் மாறின. நிகழ்ச்சியின் நடுப்பொருளைவிடச் சுற்று விவரங்களே மிகுதியாக மாறின. மனவடு ஆழமாயிருந்தோரிடத்து, இரு விசாரணைகளுக்கும் இடைப்பட்ட காலம் நீள நீள முரணும் பெருகிற்று.

மொழியும் ஒரு தடை. நம்மவர் துயரை உடம்பின்மேல் ஏற்றிச் சொல்வர். “நெஞ்சடைக்குது”, “தலை விறைக்குது”, “ஒரே யோசினை” என்பார்களேயன்றி, நோயின் ஆங்கிலப் பெயரைச் சொல்லார். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் தமிழர் உள்ளத்தில் ஏற்பட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அத்தகைய அறிவு விசாரணை மேசையிலும் இருத்தல் வேண்டாமா?

1999ஆம் ஆண்டின் இஸ்தான்புல் நெறிமுறை சித்திரவதையின் தடயத்தை உடலில் மாத்திரமன்றி உள்ளத்திலும் தேடுமாறு பணிக்கின்றது. கண்டவை சொன்னவற்றோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் படிப்படியாகக் கூறவும் வழிவகுக்கின்றது. முதுகிலும் கையிலும் சூட்டு வடுவோடு இங்கிலாந்து சென்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், அவ்வடுக்களை அவரே பிறரைக்கொண்டு இடுவித்திருக்கலாமென்று கீழ்மன்றம் ஐயுற்றது. 2019 மார்ச் 6ஆந் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அம்முடிவை ஏற்காது வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. வடு எவ்வாறு நேர்ந்ததென்று மனுதாரர் கூறுவதோடு அது எவ்வளவு பொருந்துகின்றது என மருத்துவர் கருத்துரைக்கலாம் என்பதையும் அது தெளிவுபடுத்தியது. சருமத்து வடுவுக்குக் கிடைத்த அம்மதிப்பு உள்ளத்து வடுவுக்கும் கிடைத்தல் வேண்டும்.

மருத்துவர் மனுதாரரின் சொல்லையே திருப்பிச் சொல்லுகின்றார் என்பர் சிலர். நடிப்போரும் உளர் என்பர். உண்மையே, அதனாலன்றோ முறையான பரிசோதனை வேண்டுமென்கின்றோம்! பிற காரணங்களையும் ஆராய்வது மருத்துவர் கடன். தீர்ப்பளிப்பது அவர் வேலையன்று. நீதிபதி காணாததைக் காட்டுவதே அவர் வேலை.

நம்மவர்க்கும் ஒரு சொல். மனநல வைத்தியரிடஞ் செல்வதை விசர்ப்பட்டம் என்று அஞ்சுவதை விடுங்கள். தரகர் தரும் மனப்பாடக் கதையை ஏற்காதீர்கள். அஃது உண்மையாய்ப் பட்ட துன்பத்தையும் பொய்யாக்கிவிடும். பெண்கள் தமக்கிழைக்கப்பட்ட கொடுமையைப் பெண் மருத்துவரிடம், பெண் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொல்ல வசதி கேளுங்கள். அமெரிக்காவில், வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் மனுச்செய்ய வேண்டுமென்பது விதி. பட்ட கொடுமையின் விளைவான மனநோயினால் தாமதித்தோருக்கு அவ்விதியில் விலக்குண்டு. அதனை அறியாமலே வாய்ப்பை இழத்தல் ஆகாது.

பணமுள்ளவனுக்கு அறிக்கை, ஏழைக்கு விமானச்சீட்டு என்ற நிலை நீதியாகாது. கோயிலுக்கும் விழாவுக்கும் வாரி வழங்கும் புலம்பெயர் சங்கங்கள் இதற்கென ஒரு நிதி திரட்டட்டும். தமிழறிந்த மருத்துவரையும் மொழிபெயர்ப்பாளரையும் ஒன்றுசேர்க்கட்டும். அடைக்கலந் தரும் அரசுகளோ, மறுப்புக் கடிதம் எழுதுமுன் ஒரு மருத்துவரை எழுதவிடட்டும். தவறாக அனுமதிக்கப்பட்டவனை மீண்டும் விசாரிக்கலாம். தவறாகத் திருப்பியனுப்பப்பட்டவனை மீட்பது எவ்வாறு?