கொதிப்பது வண்டியின் வயதல்ல

“பழைய வண்டிதானே, கோடையில் கொதிக்கத்தான் செய்யும்.” அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்போர் பலரும் உதிர்க்கும் இவ்வாக்கியம் அனுபவ ஞானம் போல ஒலிக்கிறது. உண்மையில் அது பராமரிக்காமைக்கு நாம் தேடிக்கொண்ட சமாதானம். வயதும் வெயிலும் இங்கே குற்றவாளிகள் அல்ல என்பதே என் தரப்பு.

முதலில் வெயில். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடர், நாட்டின் வெக்கை மிகுந்த ஊர்களில் வாடகை வண்டியாகவே உழைத்தது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. நீர் 85 பாகையிலும் புறக்காற்று 40 பாகையிலும் இருந்தால், சித்திரை வெயிலிலும் 45 பாகை வேறுபாடு மிஞ்சுகிறது. குழாய்கள் அடைபடாத ரேடியேட்டருக்கு அது போதும்.

அப்படியானால் கொதிக்க வைப்பது எது? பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். நம் கரிசல் ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. பருப்பு வேகாத தண்ணீர் என்று அடுப்படியில் ஒதுக்கிய அதையே தயக்கமின்றி ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். அந்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, சூடேறியதும் பிரிந்து குழாய்ச் சுவரில் படிகிறது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் ஒவ்வொரு குடமும் புதிய உப்பைச் சேர்க்கிறது. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தப் படிவு கடத்துவதில்லை. செம்புக் குழாய்க்குள் நாமே சுண்ணாம்புச் சுவர் எழுப்பிவிட்டு வெயிலைத் திட்டுகிறோம்.

நோயினும் கொடியவை நம் வைத்தியங்கள். அடைப்பு நீங்கக் கழிவறை ஆசிட் ஊற்றுகிறோம். அது உப்போடு சேர்த்துப் பித்தளையையும் பற்றவைப்பையும் அரிக்கிறது. ஒழுக்கை நிறுத்த மஞ்சள் தூளைக் கொட்டுகிறோம். அது ஓட்டையை மட்டுமா அடைக்கும்? மூன்றாவது, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. “நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்பது பட்டறை வாதம். இயந்திரம் உரிய சூட்டை விரைந்து எட்டும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் நீரைத் தடுத்து வைப்பதே அதன் வேலை. நன்றாக இயங்கும் வால்வு, சூடேறியதும் திறந்துவிடும். அது இல்லாவிட்டால் பெட்ரோல் வீணாகும், எண்ணெயில் கசடு சேரும், தேய்மானம் கூடும். அடைபட்ட ரேடியேட்டரோ அடைபட்டபடியே இருக்கும்.

கூலண்ட் பனி விழும் நாடுகளுக்கானது என்பாரும் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. அது கொதிநிலையை உயர்த்துகிறது. வார்ப்பிரும்பையும் செம்பையும் துருவிலிருந்தும் அரிப்பிலிருந்தும் காக்கிறது. பற்றவைத்த பித்தளை ரேடியேட்டருக்குச் சிலிகேட் கலந்த பழைய வகையே பாதுகாப்பானது. அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வடித்ததைத் தெருவிலோ கண்மாயிலோ ஊற்றலாகாது. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது நஞ்சு. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் இற்றுப்போனால் அந்தக் காப்பு போயிற்று. சூட்டோடு அதைத் திறப்பவரின் முகம் வெந்துபோகும். பட்டறைப் பையன்களை அந்த வேலைக்கு ஏவுவது குற்றம்.

கூலண்டோடு கலக்க நல்ல நீருக்கு எங்கே போவது? வானம் பார்த்த பூமி என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். அந்த வானம் தருவது ஏறக்குறைய உப்பற்ற நீர். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் முற்றத்தில் ஓர் அண்டாவை வைக்க நமக்குத் தோன்றவில்லை. வடிகட்டி மூடிவைத்தால் ஓராண்டுத் தேவைக்கு அதுவே போதும். மழை பொய்த்தால் கடையில் காய்ச்சி வடித்த நீர் கிடைக்கிறது. அதன் விலை, குரோமியப் பளபளப்புக்கு நாம் செலவிடுவதன் அருகில்கூட வராது.

2021இல் மத்திய அரசு, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என வரையறுத்துத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் பதிவெண் மட்டும் ஒரு வண்டியைக் காப்பாற்றிவிடாது. ஏட்டுச்சுவடிக்குப் பொட்டிட்டுப் பூசை செய்து கறையானுக்குக் கொடுத்த மரபு நம்முடையது. வண்டல் ஏறிய கண்மாயைத் தூர்வாராமல், மழை இல்லை என்று புலம்பியதும் நாமே. குடிமராமத்து என்றொரு சொல் இம்மண்ணில் இருந்தது. வெள்ளம் வருமுன்னே மடையையும் கரையையும் பார்த்துச் சீர்செய்வதே அதன் பொருள்.

பங்குனி பிறக்குமுன் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். ஹோஸ், பெல்ட், வாட்டர் பம்ப், மூடி ஆகியவற்றைச் சோதியுங்கள். அதைச் செய்யாதவருக்குப் பழைய வண்டி மீதுள்ள பற்றைப் பற்றிப் பேச உரிமையில்லை. அவர் நேசிப்பது வண்டியை அல்ல, அதன் அருகில் நின்று எடுத்துக்கொள்ளும் தம் புகைப்படத்தைத்தான்.