ரத்தம் திரும்பும் நிமிடங்களே ஆபத்து: எல்லை மாவட்டங்களில் கல்லீரல் தானம் எதிர்கொள்ளும் கேள்வி

இடுக்கி: மூணாறில் இருந்து கொச்சி சுமார் 130 கிலோமீட்டர். மலைப்பாதையில் நான்கு மணி நேரம் ஆவது வழக்கம். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. மறுபக்கம் பாலக்காட்டில் இருந்து கோயம்புத்தூர் 50 கிலோமீட்டர்தான். ஆயினும் உறுப்பு ஒதுக்கீட்டில் சொந்த மாநிலப் பட்டியலுக்கே முன்னுரிமை என்பதால், அங்கு தானமாகப் பெறப்படும் கல்லீரல் வாளையாறைத் தாண்டுவதற்கு முன் கேரள நோயாளிகளுக்கே முதலில் செல்ல வேண்டும்.

எனவே உறுப்பு தானம் என்றாலே ஆம்புலன்ஸின் வேகம் பேசப்படுகிறது. ஆனால் கல்லீரல் செல்களின் சேதத்தில் கணிசமான பகுதி சாலையில் நேர்வதில்லை. நோயாளியின் உடலில் பொருத்தப்பட்டு, ரத்தம் மீண்டும் பாயும் முதல் சில நிமிடங்களில்தான் அது நேர்கிறது.

ரத்த ஓட்டம் நின்றதும், செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. பனிக்கட்டிப் பெட்டி இதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது. ரத்தத்துடன் ஆக்சிஜன் திரும்பும்போது, தேங்கியதெல்லாம் ஒரே வேகத்தில் எரிகிறது. அப்போது எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறந்து செல் மடிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மர்பி உள்ளிட்ட ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் சக்சினேட்டின் இந்தப் பங்கைக் கண்டறிந்து, 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

இதைத் தடுக்கப் பல மருந்துகள் சோதிக்கப்பட்டும், எதுவும் அன்றாடச் சிகிச்சையாகவில்லை. பலன் தந்திருப்பது எளிய வழி ஒன்று: பொருத்துவதற்கு முன், ஆக்சிஜன் கலந்த குளிர்ந்த திரவத்தை இயந்திரம் மூலம் கல்லீரலுக்குள் சுமார் இரண்டு மணி நேரம் செலுத்துவது. தேங்கிய சக்சினேட் குளிரிலேயே மெதுவாகக் கரைந்துவிடுகிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் 156 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. பித்தநாளம் சுருங்கும் சிக்கல், வழக்கமான முறையில் 18 சதவீதமாகவும் இயந்திர முறையில் 6 சதவீதமாகவும் இருந்தது. அந்த ஆய்வில் கல்லீரல் தந்தவர்கள் இதயத் துடிப்பு நின்று இறந்தவர்கள். இந்தியாவில் இறந்தவர்களின் உறுப்புகள் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடம் இருந்தே பெறப்படுவதால், இங்கும் அதே அளவு பலனை எதிர்பார்ப்பது அவசரமாகும்.

எல்லைப் பகுதிகளுக்கு முக்கியமானது வேறொன்று. இந்த இயந்திரம் மலையேற வேண்டியதில்லை. கல்லீரல் வழக்கம்போல் பனிக்கட்டிப் பெட்டியில் வந்துசேர்ந்த பின், அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் இருந்தாலே போதும்.

கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2022 பிப்ரவரியில் உறவினர் தந்த கல்லீரல் பகுதி நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இம்முறையில் உறுப்பு காத்திருக்கும் நேரம் குறைவு, சேதமும் குறைவு. ஆனால் தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் கணவரும் மனைவியும் ஒரே நேரத்தில் படுக்கையில் கிடந்தால், இரு கூலியும் நின்றுபோகும். அவர்களுக்கு இறந்தவரின் கல்லீரலே நடைமுறைக்கு உகந்த வழி. இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்த வேண்டிய குழாய்த் தொகுப்பின் செலவை அரசுக் காப்பீடு ஏற்குமா, நோயாளியே சுமக்க நேருமா என்பதைப் பொறுத்தே அந்த வழி அவர்களுக்குத் திறக்கும்.