அடியாத மாடு படியாதா?

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயமும் கூடவே வருவதுண்டு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து வண்டிகளை விடுகிறார்கள். ஜனங்களின் கைதட்டலில் சாட்டை விழும் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை. பட்டணத்துக் குதிரைப் பந்தயத்திலும் இதே கதைதான். அங்கே கோட்டுப் போட்ட கனவான் வேடிக்கை பார்க்கிறான். இங்கே வேட்டி கட்டியவன் பார்க்கிறான். வேறு வித்தியாசம் என்ன?

"சாட்டை இல்லாவிட்டால் மிருகம் ஓடாது" என்கிறார்கள். இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்கிறோம். பார்த்திருக்கிறார்கள். 2011-ல் சிட்னி பல்கலைக்கழகத்தார் பந்தயக் குதிரைகளை அளந்து பார்த்தார்கள். சாட்டை விழாத இடத்தில்தான் குதிரை அதிக வேகமாய் ஓடிற்று. களைத்துப் போன கடைசி 400 மீட்டரில் அடி ஏறிற்று, வேகமோ இறங்கிற்று! "தோல் தடிப்பு, வலிக்காது" என்பார்கள். 2020-ல் அதே பல்கலைக்கழகத்தார் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் ஒப்பிட்டு, வலியறியும் நரம்பில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை என்று கண்டார்கள். நார்வே தேசத்தார் 1982-லேயே ஓட்டத்திற்காகச் சாட்டையால் அடிப்பதை நிறுத்தினார்கள். அங்கே பந்தயம் நின்றா போயிற்று?

1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை என்று தீர்ப்புச் சொல்லிற்று. நல்லது, திறமைதான் என்றால் அதற்குத் தோல் வார் எதற்கு? அடித்துத்தான் ஓட்ட வேண்டுமென்பது திறமைக்கு அடையாளமா, திறமையின்மைக்கு அடையாளமா?

சட்டம் இல்லாமலில்லை. மிருகத்தை அடித்து வதைப்பது குற்றமென்று 1960-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. முதல் குற்றத்திற்கு அது வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. வண்டி மாட்டுக்கு முள் வைத்த தார்க்குச்சி கூடாதென்று 1965-ல் விதியும் செய்தார்கள். காகிதத்தில் இருக்கிற கருணை மாட்டின் முதுகுக்கு எட்டவில்லை.

"முன்னோர் வழக்கம்" என்போருக்கு ஒரு கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை வடம் பிடித்து மனிதர்கள் இழுக்கிறார்கள். தேர் நகரவில்லை என்று இழுப்பவன் முதுகில் சாட்டை வைத்தால் வழக்கமென்று பொறுப்பார்களா? பேசத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், வாயில்லா ஜீவனுக்கு ஒரு நியாயமா?

"அடியாத மாடு படியாது" என்கிற பழமொழி மாட்டோடு நிற்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பிரம்பு எடுத்தவனும் இதைத்தான் சொன்னான். பெண்டாட்டி மேல் கை வைக்கிறவனும் இதைத்தான் சொல்லுகிறான். எளியதை அடிப்பது ஆண்மை என்று திருவிழாவில் கைதட்டிப் பழகிய சிறுவன் வீட்டிலே வேறு என்ன செய்வான்?

ஆகவே பந்தயம் நடத்தும் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பந்தயத்தை விட்டுவிடுங்கள் என்று கூடக் கேட்கவில்லை. சாட்டையும் தார்க்குச்சியும் எடுத்த வண்டிக்கு, வாலை முறுக்கிய வண்டிக்குப் பரிசில்லை என்று நோட்டீசில் ஒரு வரி அச்சடியுங்கள். மாடு தன் பலத்தால் ஓடட்டும். எது நல்ல மாடு, யார் நல்ல சாரதி என்பது அப்போது தெரியும்.